வேலை நடக்கும் முற்றம்: பனிச்சங்கேணிப் பக்கத்துக் கைப்பணிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பனிச்சங்கேணிப் பக்கத்தில் கைப்பணி பார்க்க வருகிறவர் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே பட்டறை என்பது பெரும்பாலும் வீடுதான். பெட்டி இழைப்பது திண்ணையில், ஓலை காய்வது முற்றத்தில், வலை கட்டுவது மரத்தடியில். நுழைவுச்சீட்டு கிடையாது, திறக்கும் நேரம் எழுதிய பலகை கிடையாது, கூடவே வந்து விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. அடுப்பில் உலை கொதிக்கும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், இவற்றுக்கு நடுவே கை ஓலையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்குள் வாடிக்கையாளராக நுழைவதற்கு முன்னால் நாம் விருந்தாளியாக நுழைகிறோம். இந்த அத்தியாயத்தில் வரும் ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

ஊரும் வழியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கரையோரமாகப் போகும் ஏ-15 வீதியில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில் இருக்கிறது பனிச்சங்கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, குறுக்கே பாலம். நிர்வாகத்தில் இது கோறளைப்பற்று வடக்கு, வாகரைப் பிரதேச செயலகப் பிரிவு.

கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மட்டக்களப்பு வரை போக வேண்டியதில்லை. உதயதேவியில் ஏறி வாழைச்சேனையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து வாகரைப் பக்கம் போகும் பஸ் பிடித்தால் காயான்கேணி, மாங்கேணி தாண்டிப் பனிச்சங்கேணி வந்துவிடும். பஸ்கள் அடிக்கடி கிடைக்காது. திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோ பிடிப்பதானால் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கூலி பேசுங்கள். காசை வாழைச்சேனையிலேயே எடுத்து, சின்னத் தாள்களாக மாற்றி வையுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டி ஒரு பெட்டி வாங்கினால், மிச்சம் மாற்ற வீட்டுக்காரர் நாலு வீடு ஏறி இறங்க வேண்டி வரும்.

எந்தக் காலம், எந்த நேரம்

கிழக்குக் கரையில் ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை மாரி. முற்றம் சேறாகும், ஓலை காயாது, காய்ந்த ஓலையிலும் கறுப்புப் பூஞ்சணம் ஏறும். மாசி பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை நல்ல காலம். அதிலும் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். ஓலை மொறமொறவென்று காய்ந்து வளைத்தால் ஒடியும். அந்த மாதங்களில் இழைப்பவர்கள் விடியற்காலையையும் இரவையும் நம்பியிருப்பார்கள். காலை எட்டு மணிக்குள் போனால் கை வேகமாக ஓடுவதைப் பார்க்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் சமையலையும் தூக்கத்தையும்தான் கெடுப்போம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குச் சனம் திரளும். சடங்குக் காலத்தில் பல வீடுகளில் மச்சம் புழங்காது, வேலையும் நின்றிருக்கும். அந்த நாட்களில் கைப்பணி பார்ப்பதை விட்டுக் கோயிலுக்குப் போங்கள். ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை போன்ற முஸ்லிம் ஊர்களுக்கு வெள்ளிக்கிழமை பகலில் போவதைத் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் கடையும் தறியும் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அவர்கள் முன்னால் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் இருப்பது மரியாதை. எந்த ஊருக்குப் போனாலும் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு போதும்.

யாரைக் கேட்பது

வீதியோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே "இங்க பெட்டி இழைக்கிற ஆக்கள் ஆரு இருக்காங்க?" என்று கேட்பதுதான் பழைய வழி, இன்றும் பலிக்கும் வழி. அதைவிட ஒழுங்காகப் போக விரும்பினால் கிராம சேவகரையோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரையோ அணுகலாம். வாகரைப் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் பயிற்சி பெற்று வேலை செய்யும் பெண்களைச் சுட்டிக்காட்டுவார்கள்.

அரச நிறுவனங்களில் மூன்றின் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கியது, தலைமையகம் யாழ்ப்பாணத்தில். அதன் விற்பனை நிலையங்களுக்குக் கற்பகம் என்று பெயர். தேசிய அருங்கலைகள் பேரவை 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. லக்சல அரசின் கைப்பணி விற்பனைக் கடை. ஊருக்குப் போவதற்கு முன் இவற்றில் ஒன்றில் ஏறி இறங்கினால் நல்ல இழைப்பு எப்படி இருக்கும் என்று கண் பழகும், விலையும் ஓரளவு பிடிபடும்.

கூட்டிப்போகும் சாரதிக்கு விற்பனையில் பங்கு உண்டா என்பதைப் புறப்படும் முன்பே வெளிப்படையாகக் கேளுங்கள். அவருக்கு உரிய கூலியை நீங்களே கொடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள். அப்போதுதான் பெட்டியின் விலை முழுவதும் இழைத்தவர் கைக்குப் போகும்.

வாசலில்

படலைக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். வயதானவர் என்றால் அம்மா, ஐயா. நடுவயதினர் என்றால் அக்கா, அண்ணன். செருப்பை வாசலிலேயே விடுங்கள். "வா மனே, இரி" என்று கிழவி ஒருத்தி அழைத்தால் தயங்காமல் உட்காருங்கள். கதிரையை நீட்டினாலும், இழைப்பவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் இருப்பது பேச்சை இலகுவாக்கும். வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டினால், போடும் வழக்கம் இல்லாவிட்டாலும் வட்டாவைத் தொட்டு மரியாதை செய்யுங்கள். தேநீர் வந்தால் குடியுங்கள். வந்த காரியத்தை அதற்குப் பிறகு சொல்லலாம்.

இந்தக் கரை பட்ட பாட்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வாகரைக் கரையை அடித்துக்கொண்டு போனது. அது ஆறுவதற்குள் போர். 2006 நவம்பரில் வாகரைப் பகுதிக் கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்து பலர் மாண்டார்கள். சனம் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறியது. 2007 ஜனவரியில் அரச படையினர் வாகரையைப் பிடித்தார்கள். நீங்கள் உட்காரும் திண்ணை மீண்டும் கட்டிய வீட்டின் திண்ணையாக இருக்கலாம். இதைப் பற்றி நீங்களாகக் கேள்வி எழுப்ப வேண்டாம். அவர்களாகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள்.

வாகரைப் பிரதேசத்தில் வேடர் வழிவந்த குடும்பங்களும் வாழ்கின்றன. மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர்கள் பற்றிய நூலில் தமிழ் பேசும் கரையோர வேடரைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு "வேடரைக் காட்டுங்கள்" என்று ஊருக்குள் கேட்டுக்கொண்டு வராதீர்கள். தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். தேன் எடுப்பதைப் பற்றியும் மீன்பிடிக் கருவிகளைப் பற்றியும் மற்ற எந்த வீட்டிலும் கேட்பதுபோலவே இங்கேயும் கேளுங்கள்.

ஓலை: எதைப் பார்ப்பது

எல்லாம் பனையின் குருத்தோலையில் தொடங்குகிறது. விரியாத குருத்தை மரமேறி வெட்டி இறக்கி, விரித்து வெயிலில் வெளுக்கக் காயவைப்பார்கள். ஒரே மரத்தில் மேலும் மேலும் குருத்து எடுத்தால் மரம் நொந்துபோகும். அதனால் மரம் மாற்றி மாற்றித்தான் வெட்டுவார்கள். இன்று ஏறுவதற்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. இழைக்கும் கை இருந்தும் ஓலை இல்லாமல் வேலை நின்ற வீடுகள் உண்டு. "ஓலை எங்க இருந்து வருது, ஆரு ஏறித் தாறாங்க?" என்று கேளுங்கள். ஒரு கைப்பணியின் நிலைமை முழுவதும் அந்தப் பதிலில் வந்துவிடும்.

காய்ந்த ஓலையில் ஈர்க்கை உரித்தெடுத்து, வேண்டிய அகலத்துக்குக் கீற்றுகளாகச் சார்ந்துகொள்வார்கள். இந்தக் கட்டத்தை அருகில் உட்கார்ந்து பாருங்கள். பழகிய கையில் அளவுகோல் இருக்காது. நகத்தால் ஓலையின் தலைப்பில் ஒரு கீறல், பிறகு கத்தி முனை. ஒரே இழுப்பில் அடி வரை நேராகக் கிழிந்து வரும். பத்து ஓலையை அடுக்கினாலும் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீரில் சாயத்தூளைக் கரைத்து ஓலைக்கட்டை அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். இழைக்கும்போது பக்கத்தில் ஈரத்துணி ஒன்று இருக்கும். ஓலை முறுகத் தொடங்கினால் அதால் ஒரு தடவல். ஈரம் கூடினால் காய்ந்தபின் இழைப்பு தளர்ந்துவிடும், குறைந்தால் மடிப்பில் ஓலை வெடித்துவிடும். இந்த அளவை யாரும் வாயால் கற்றுக்கொடுப்பதில்லை, விரல்தான் பழக வேண்டும்.

பெட்டி நடுவிலிருந்து தொடங்கும். அடி சதுரமாக விரிந்து, நாலு மூலையிலும் ஓலையைத் திருப்பியதும் சுவர் எழும்பும். மூலை திருப்புவதுதான் சூட்சுமம். புதிதாகப் பழகுகிறவர் மாட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். கடகத்துக்கு இரட்டை இழைப்பு. வாய் விளிம்பைப் பனைநாரால் பொத்துவார்கள். பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய், உறைப்பை என்று பொருளுக்குப் பொருள் இழைப்பு மாறும். இரண்டை அருகருகே வைத்து வித்தியாசம் கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

வாங்கும்போது நாலு சோதனை. பெட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; நூலிழை போலக் கசியும் ஒளி பரவாயில்லை, ஓட்டை தெரிந்தால் இழைப்பு தளர்வு. விளிம்பை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். பொத்தல் அசையக் கூடாது. சாயம் போட்டதென்றால் ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே மூக்கை விட்டு முகருங்கள். புது ஓலை மணக்க வேண்டும், புழுங்கல் வாடை வந்தால் மாரியில் ஈரம் பட்டது.

பனையோலையோடு பன்பாயையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பன் என்பது நீர்நிலைகளில் வளரும் புல். அறுத்துக் காயவைத்துச் சாயமிட்டு இழைக்கும் பாய் மெத்தென்றிருக்கும்.

வலை: களப்பங்கரையில்

பிற்பகல் வெயில் தணிந்ததும் களப்பங்கரைக்குப் போங்கள். தொழிலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கி எழுந்து வலை பார்க்கும் நேரம் அது. தோணிகளில் பெரும்பாலானவை இப்போது பைபர். ஆனால் கிழிந்த வலையைப் பொத்துவதும், வீச்சு வலை கட்டுவதும் இன்னும் கைவேலைதான்.

வீச்சு வலை உச்சியில் சில கண்களோடு தொடங்கி, இறங்க இறங்கக் கண் கூடிக்கொண்டே போகும். ஒரு கையில் நூல் சுற்றிய ஊசி, மறு கையில் சின்ன மட்டைத்துண்டு. நூலை மட்டையின் மேல் சுற்றி முடிச்சுப் போட்டு இழுத்தால் ஒரு கண். மட்டையின் அகலமே கண்ணின் அளவு. கண் எங்கே கூட்ட வேண்டும் என்பதில்தான் வலையின் விரிவு இருக்கிறது. கணக்குப் பிசகினால் வீசும்போது வட்டமாக விரியாது, ஒரு பக்கம் சுருண்டு விழும். அடி விளிம்பில் ஈயக் குண்டுகள் கோத்திருக்கும். இறால் பிடிக்கும் அத்தாங்கு, ஆழமில்லாத தண்ணீரில் மீனை மூடிப் பிடிக்கும் கரப்பு ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் அது உப்புத் தண்ணீரில் உக்காமல் இருக்க, பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள். அந்தக் காயின் துவர்ப்பு நூலை இறுக்கிக் கறுப்பாக்கும். நைலோன் வந்தபின் அந்த வேலைக்குத் தேவை போய்விட்டது. ஊரின் முதியவர்களிடம் பனிச்சை மரத்தையும் அந்தச் சாயத்தையும் பற்றிக் கேளுங்கள். அதைச் செய்த கைகள் இப்போது மிகச் சில.

தொழிலாளியின் வலையை ஞாபகப் பொருளாக விலைக்குக் கேட்காதீர்கள். அது அவருடைய நாளைய சோறு. வேண்டுமென்றால் சின்னதாக ஒன்று கட்டித் தரச் சொல்லலாம். காயவைத்த வலையைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

தெற்கே தறிகள்

ஓலையும் வலையும் பார்த்தபின் நூலையும் பார்க்க விரும்புகிறவர்கள் மறுநாள் மட்டக்களப்பு நகரைக் கடந்து கல்முனைப் பாதையில் மருதமுனைக்குப் போகலாம்; நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். சுனாமியில் இந்த ஊரும் ஏராளமான உயிர்களையும் தறிகளையும் பறிகொடுத்தது.

தறியைப் பார்ப்பதற்கு முன் பாவு ஓட்டுவதைக் காட்டச் சொல்லுங்கள். கரையும் கட்டமும் அங்கேதான் முடிவாகின்றன. தறியில் ஏறியபின் ஒரு நூலைக்கூட எளிதில் மாற்ற முடியாது. கைத்தறிச் சாரத்தை அடையாளம் காண இரண்டு ஓரக் கரைகளையும் பாருங்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் கட்டையின் ஊசி குத்திய நுண்ணிய துளைகள் வரிசையாகத் தெரியும். நெசவில் அங்கங்கே சின்ன ஏற்ற இறக்கமும் இருக்கும்.

விலை

பேரம் பேசலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வது இது. விலை கேட்பதற்கு முன் "இதை முடிக்க எத்தனை நாள் எடுக்கும்?" என்று கேளுங்கள். ஓலை வாங்கி, காயவைத்து, சார்ந்து, சாயம் போட்டு, இழைத்து, விளிம்பு பொத்தும் நாட்கள் எல்லாம் அதில் அடங்கும். பிறகு விலையைக் கேட்டு, ஓலைக்கும் சாயத்துக்கும் கொஞ்சம் கழித்து, மிச்சத்தை அந்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையை அதே ஊரில் ஒரு நாள் கூலி வேலைக்குப் போகிறவர் வாங்குவதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இழைப்பவரின் நாள்கூலி குறைவாகவே இருக்கும். அந்தக் கணக்குத் தெரிந்தபின் விலையைக் குறைக்க வாய் வராது. உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால் சின்னதாக ஒன்றை வாங்குங்கள். பெரியதன் விலையை இறக்காதீர்கள்.

எதுவும் வாங்க விருப்பமில்லாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அந்த நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள். பிள்ளைகளின் கையில் காசோ இனிப்போ திணிக்காமல், வீட்டின் பெரியவரிடம் கொடுங்கள்.

படம் எடுப்பது

முதலில் கையைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள், முகத்தை அதற்குப் பிறகு. பெண்களைப் படமெடுக்க அவர்களிடமே கேளுங்கள். வீட்டு ஆணிடம் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் முகத்தை இணையத்தில் போடாதீர்கள். படம் அனுப்புவதாகச் சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள். சொல்லிவிட்டு மறந்த பயணிகளை இந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன.

வாங்கக் கூடாதவை

முருகைக்கல், கடலாமை ஓடு, அவற்றில் செய்த நகை எதையும் தொடாதீர்கள். ஆமைகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. வழியில் கடந்து வந்த காயான்கேணிக் கடற்பகுதியே 2019 இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தங்கூசி எனப்படும் ஒற்றையிழை நைலோன் வலை தடைசெய்யப்பட்டது, மாதிரிக்குக்கூட வேண்டாம். பழைய ஏட்டுச் சுவடிகளை யாராவது விற்க வந்தால் விலகிக்கொள்ளுங்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவை நாட்டைவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஓலைப் பொருட்களை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பூச்சியும் விதையும் இல்லாத சுத்தமான, நன்றாகக் காய்ந்த பெட்டிக்குச் சிக்கல் குறைவு. மறைத்தால் அபராதம்.

சொல்லிச் செய்விப்பது

இருப்பதை வாங்குவதைவிடச் சொல்லிச் செய்விப்பது இருவருக்கும் நல்லது. அளவை வாயால் சொல்லாமல் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுங்கள், அல்லது உள்ளே வைக்கப்போகும் பொருளையே காட்டுங்கள். நிறம், எண்ணிக்கை, முடியும் நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். ஓலை வாங்க அதுதான் உதவும். மாரியில் தவணை வைக்காதீர்கள். பொருள் வந்தபின் அதை ஈரம்படாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விட்டால் பல ஆண்டு உழைக்கும்.

வீட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்து யாராவது விசாரித்தால் "இலங்கையில் வாங்கியது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊரைச் சொல்லுங்கள், இழைத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் சம்மதித்திருந்தால் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். மாரி ஓய்ந்து புது ஓலை காயத் தொடங்கும்போது கையில் இரண்டு ஓடர் இருந்தால், அந்த வீடு இந்த வேலையைக் கைவிட்டு வேறு கூலிக்குப் போகாது.